கூட இருந்தவர் சொல்லட்டும்



சென்ற மாதம் உறவுக்காரர் ஒருவருக்குத் துணையாகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவமனைக்குப் போயிருந்தேன். விடியற்காலை நாகர்கோவிலில் ரயில் ஏறி, தம்பானூரில் இறங்கி, மெடிக்கல் காலேஜ் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நரம்பியல் பிரிவுக்கு வெளியே நாற்காலிகள் நிறைந்திருந்தன. மலையாளத்துக்குச் சமமாகத் தமிழும் காதில் விழுந்தது. வள்ளியூர், செங்கோட்டை, தூத்துக்குடி, மார்த்தாண்டம் என்று ஒவ்வொருவர் பேச்சிலும் அவரவர் ஊர் தெரிந்தது.

என் பக்கத்தில் ஒரு தாயும் பதினான்கு வயது மகனும் உட்கார்ந்திருந்தார்கள். ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். அந்த அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர். மடியில் ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறை. அதன்மேல் நாற்பது பக்க நோட்டு ஒன்று. முன்பக்கத்தில் பீடிக் கணக்கு. நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து மகனுக்கு வந்த வலிப்புகளின் கணக்கு. தேதி, மணி, எத்தனை நிமிடம் என்று கோடு போட்டு எழுதியிருந்தார். ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினார்.

‘ராத்திரி 8.10. சாப்பிடும்போது. கண்ணு ஒரே இடத்துல நின்னுது. வாய் மெல்லுது, வாயில சோறு இல்லை. இடது கை முறுக்கிக்கிட்டு நிக்குது. வலது கை சட்டைப் பொத்தானைத் திருகுது. 2 நிமிசம். முழிச்சதும் வலது கையால மூக்கைத் துடைச்சான்.’

“இவ்வளவு விவரமா எழுதியிருக்கீங்களே” என்றேன். அவர் சொன்ன பதில்தான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

“டாக்டரு கேப்பாவல்லா அண்ணாச்சி. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. பாத்தது நாந்தான். அப்போ நாந்தான சொல்லணும்?”

வாசகர்களே, மூளை நரம்பியல் மருத்துவத்தின் அடிப்படைப் பாடம் ஒன்றைப் பீடி சுற்றும் அந்தக் கைகள் நோட்டில் எழுதி வைத்திருந்தன. சர்க்கரை நோயை இரத்தம் சொல்லிவிடும். எலும்பு முறிவைப் படம் சொல்லிவிடும். வலிப்பு அப்படிப்பட்டதில்லை. இரண்டு நிமிடம் வந்து போய்விடும். மருத்துவர் முன்னால் உட்காரும்போது நோயாளி நம்மைப் போலவே இருப்பார். அந்த இரண்டு நிமிடம் அவர் நினைவிலும் இருக்காது. அதைப் பார்த்தவர் ஒருவர்தான், கூட இருந்தவர். அவர் வாய் திறந்தால் நோய் கண்டறிதல் தொடங்கும். அவர் மறைத்தால் மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

அந்தத் தாய் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் மருத்துவத்தில் பொருள் உண்டு. நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் இருக்கும் மூளைப் பகுதியில் தொடங்கும் வலிப்பில், வாய் வெறுமனே மெல்லும், கை எதையாவது தடவும். வலிப்பு மூளையின் எந்தப் பக்கம் தொடங்குகிறதோ, பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கக் கை முறுக்கிக்கொள்ளும்; அதே பக்கக் கை பொத்தானைத் திருகும். வலிப்பு ஓய்ந்ததும் மூக்கைத் துடைப்பதும் பெரும்பாலும் அதே பக்கக் கைதான். ஸ்கேன் உறையைத் திறக்கும் முன்பே அந்த நோட்டு மருத்துவரை வலது பக்கம் பார்க்கச் சொல்லிவிடுகிறது.

கேரள மருத்துவமனைகளில் நோயாளியோடு தங்கித் துணை செய்பவரைப் ‘பைஸ்டாண்டர்’ என்பார்கள். மலையாளத்தில் ‘கூட்டிரிப்புகாரர்’ என்றும் சொல்வதுண்டு. கூட இருப்பவர் என்று பொருள். இந்த இதழின் சிறப்புப் பகுதி மூளை நரம்பு நோய்களைப் பற்றியது. நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் விழிப்புணர்வு நாள் என்பதால் வலிப்புக்கு அதில் முதலிடம் தந்திருக்கிறோம். கட்டுரைகளை மருத்துவர்களிடம் விட்டுவிட்டு, கூட இருப்பவர்களிடம் சில வார்த்தைகள் பேச இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்ரீ சித்ரா தென் மாவட்டத் தமிழர்களுக்கு அந்நிய இடமில்லை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று நம் மாநிலத்தோடு சேரும்வரை திருவனந்தபுரம்தான் அந்த மக்களுக்குத் தலைநகர். எல்லை மாறியது, வைத்தியத்துக்குப் போகும் வழி மாறவில்லை. 1936-ல் ஆலய நுழைவுப் பிரகடனம் செய்த சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் பெயரைத் தாங்கிய நிறுவனம் இது. 1973-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் பல மாடிக் கட்டடம் ஒன்றை மக்களுக்காகக் கொடுத்தது. 1976-ல் மருத்துவ மையம் திறக்கப்பட்டது. 1980-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. இதன் முதல் இயக்குநர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் ஒரே கூரையின் கீழ் மருத்துவரையும் பொறியாளரையும் சேர்த்து வைத்தார். பூஜப்புரையில் அரண்மனையாக இருந்த இடத்தில் தொழில்நுட்பப் பிரிவு இயங்குகிறது. அங்கே உருவான சித்ரா இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

வலிப்பு நோயில் இந்த நிறுவனம் செய்த வேலை இதய வால்வுக்குச் சற்றும் குறைந்ததில்லை. டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் 1995-ல் இங்கே வலிப்புக்கான அறுவை சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. இன்று அது ஆர். மாதவன் நாயர் பெயரிலான வலிப்பு நோய் மையம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் இங்கு நடந்திருக்கின்றன. மேல்நாட்டு மருத்துவமனைகளின் விலையுயர்ந்த கருவிகள் அத்தனையும் கையில் வரட்டும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை. நோயாளி சொல்வது, வீட்டார் சொல்வது, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவை ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்று பொறுமையாகப் பார்த்தார்கள். காட்டினால் அறுவை சிகிச்சை. காட்டாவிட்டால் மேலும் சோதனை. நம் நாட்டுக்கு ஏற்ற செலவில் இதைச் செய்ய முடியும் என்று நிரூபித்தார்கள்.

அங்கே வீடியோ இ.இ.ஜி. என்ற சோதனைக்காக நோயாளியைச் சில நாள் தங்க வைப்பார்கள். தலை முழுவதும் மெல்லிய கம்பிகளை ஒட்டிவிடுவார்கள். மூளையின் மின் அலைகள் ஒரு திரையில் ஓடும். கேமரா இரவும் பகலும் நோயாளியையே பார்த்துக்கொண்டிருக்கும். மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைத்து, வழக்கமாக வரும் வலிப்பு வரும்வரை காத்திருப்பார்கள். வந்ததும் ஊழியர்கள் ஓடி வந்து, பெயரைக் கேட்பார்கள், கையைத் தூக்கச் சொல்வார்கள், ஒரு பொருளைக் காட்டி ‘இது என்ன’ என்பார்கள். பேச்சு எப்போது நின்றது, எப்போது திரும்பியது என்பது மூளையின் எந்தப் பக்கம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி. இத்தனை கருவிகளுக்கு நடுவிலும் படுக்கைக்குப் பக்கத்தில் அம்மாவோ அக்காவோ உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பட்டன். மகன் கண்ணில் ஏதோ மாறுகிறது என்று தெரிந்தால் அழுத்த வேண்டும். அந்த மாற்றத்தைத் தாயின் கண்ணைவிட விரைவாகப் பிடிப்பது எது?

வலிப்புக்கான அறுவை சிகிச்சை என்ற இந்தப் பாதைக்குத் தொடக்கம் தமிழ் மண்ணில்தான். கேரளத்தில் பிறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி, கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்து, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்காக இந்தியாவில் முதல் அறுவை சிகிச்சை 1952-ல் அங்கேதான் நடந்தது. 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அன்று கேரளத்தவர் ஒருவர் வேலூருக்கு வந்து விளக்கேற்றினார்; இன்று ஆலங்குளத்துத் தாய் திருவனந்தபுரத்துக்குப் போய் வெளிச்சம் பெறுகிறார்.

அறுவை சிகிச்சை என்றதும் பயப்பட வேண்டாம். வலிப்பு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்போடு வாழ்கிறார்கள்; சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழலாம். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால்தான் அறுவை சிகிச்சை பற்றிய ஆலோசனை. ஆனால் அந்த நிலை வந்தவர்கள் பத்து, இருபது ஆண்டுகள் மருந்தை மாற்றி மாற்றிக் காத்திருப்பது வீண். கனடாவில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தார்கள்; மருந்து மட்டும் எடுத்தவர்களில் 8 சதவீதம். 2017-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் குழந்தைகளிடம் செய்த ஆய்வில் இது 77-க்கு 7 சதவீதம்.

மருத்துவம் இத்தனை தூரம் வந்திருக்கிறது. நாம் எங்கே நிற்கிறோம்?

எங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தார். அப்பாவின் தங்கை. அடுப்படியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அப்படியே நின்றுவிடுவார். கண் நிலைகுத்தும், வாய் மெல்லும், ஒரு கை முந்தானையைத் தடவிக்கொண்டே இருக்கும். பாட்டி ஓடிப் போய்க் கதவைச் சாத்துவார். “வெளியில மூச்சு விடப்படாது” என்று எங்களை மிரட்டுவார். அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம். ஒருமுறை டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். வரும்போது எப்படி இருக்கும், யார் பார்த்தது என்று அவர் கேட்டார். “மயக்கம்தான் சார், வேற ஒண்ணும் இல்லை” என்றார் பாட்டி. டாக்டர் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்பது வயதுப் பையனாக நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எந்தக் கை தடவும் என்பதுகூட எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. நாற்பது வயதைத் தாண்டித்தான் அத்தைக்குச் சரியான மாத்திரை கிடைத்தது. வலிப்பு நின்றது. படிப்பும் கல்யாணமும் அதற்குள் கைநழுவிப் போயிருந்தன.

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஊர் வாய்க்குப் பயந்தார். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. படிப்பறிவில் முன்னிற்கும் கேரளத்திலேயே, மலப்புறம் மாவட்டத்தில் சுமார் 2,38,000 பேர் வாழும் பகுதியில் ஸ்ரீ சித்ரா மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 5 பேருக்கு வலிப்பு. அங்கே பேட்டி கண்டவர்களில் ஏறத்தாழ எல்லோரும் வலிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். இருந்தும் நான்கில் ஒருவருக்கும் மேலானவர்கள் அதைப் பைத்தியத்தின் ஒரு வகை என்றே நினைத்தார்கள். 2000-ல் வெளியான ஆய்வு இது. பெயர் தெரிந்திருப்பது வேறு, நோய் புரிந்திருப்பது வேறு.

சட்டமும் ஒரு காலத்தில் இந்த அறியாமைக்குத் துணை போனது. 1976-ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, திரும்பத் திரும்ப வரும் வலிப்பைச் சித்தபிரமையோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்தார்கள். 1999-ல் அந்தச் சொல் நீக்கப்பட்டது. வலிப்பு இருக்கிறது என்பதால் ஒருவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று இன்று எந்த மாமியாரும் சட்டத்தைக் காட்டிச் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன் இரு வீட்டாரும் மனம் விட்டுப் பேசுங்கள். மறைத்துக் கட்டி வைக்கப்பட்ட பெண், புகுந்த வீட்டில் மாத்திரையையும் மறைத்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். மாத்திரை தவறும், வலிப்பு வரும். ஒளித்ததெல்லாம் ஒரே நாளில் வெளியே வரும்.

பிள்ளை பெறலாமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 1998-ல் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் ஸ்ரீ சித்ராவில் வலிப்பும் கர்ப்பமும் குறித்த பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். வலிப்புள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தையைப் பெறுகிறார்கள் என்பது அந்தப் பதிவேடு தரும் நம்பிக்கை. வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடும் என்பது அது தரும் எச்சரிக்கை. ஆகவே கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஃபோலிக் அமிலம் பற்றிக் கேளுங்கள். பயந்துபோய் நீங்களாக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

தமிழில் இந்த நோய்க்கு ‘முயலகன்’ என்று ஒரு பழம்பெயர் உண்டு. நடராசர் திருவடியின் கீழ் கிடப்பவன் பெயரும் அதுவே. திருவாசித் தலத்தோடு சேர்ந்த வரலாறு பெரியபுராணத்தில் வருகிறது. கொல்லி மழவன் என்ற மன்னனின் மகளை முயலகன் பற்றியது. மருந்துகள் பலிக்கவில்லை. மன்னன் அவளைக் கொண்டுவந்து கோயிலில், சிவனின் சந்நிதியில் கிடத்தினான். திருஞானசம்பந்தர் அங்கே வந்தார், கண்டார், கேட்டார், பதிகம் பாடினார். பக்தியோடு படிப்பவர்களுக்கு அது அருளின் கதை. எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. நாடாள்பவன் தன் மகளின் நோயைக் கதவைச் சாத்தி மறைக்கவில்லை. நாலு பேர் வந்து போகும் இடத்தில் கொண்டுவந்து வைத்தான். அதனால்தான் கேட்பதற்கு ஒருவர் வந்தார்.

வலிப்புக்கு மட்டுமில்லை, மூளை நரம்பு நோய்கள் பலவற்றுக்கும் முதல் சாட்சி வீட்டில்தான் இருக்கிறார். பக்கவாதம் வந்தவரைக் கொண்டு போனால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘கடைசியாக இவரை நன்றாகப் பார்த்தது எத்தனை மணிக்கு?’ என்பதுதான். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரை பயன்படுவதுண்டு. ஆனாலும் போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் நஷ்டம். முகம் ஒரு பக்கம் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால் கடிகாரத்தைப் பாருங்கள், 108-ஐ அழையுங்கள். நடக்கும்போது அப்பாவின் ஒரு கை வீசாமல் நிற்கிறதா, கையெழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகிறதா? பார்க்கின்சன் நோயின் தொடக்கமாக இருக்கலாம். அவருக்கே தெரியாதது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் கண் முன்னால் ஒருவருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது? பக்கத்தில் இடிபடும் பொருட்களை விலக்குங்கள். தலைக்கடியில் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். சாவிக்கொத்து, இரும்புத் துண்டு எதையும் கையில் திணிக்க வேண்டாம். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வாயில் கரண்டியோ தண்ணீரோ எதுவும் போடக் கூடாது. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிந்துவிடும். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ, உடனே மருத்துவமனை.

அந்த நேரத்தில் இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வருகிறதா என்பதும் பதிவாகட்டும். வெறும் மயக்கத்தையும், மன அழுத்தத்தால் வரும் துடிப்பையும் வலிப்பிலிருந்து பிரித்தறிய அந்த ஒரு நிமிடப் படம் பெரிதும் உதவும். முதல் இ.இ.ஜி. சாதாரணமாக இருந்தால் வலிப்பே இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் படமும் உங்கள் சொல்லும் அந்த இடைவெளியை நிரப்பும். படத்தை மருத்துவருக்கு மட்டும் காட்டுங்கள். அது ஒருவரின் மானம். வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

திருவனந்தபுரத்தில் அன்று அந்தச் சிறுவனின் பெயரைக் கூப்பிட்டபோது, தாய் ஸ்கேன் உறையை என்னிடம் கொடுத்துவிட்டு நோட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டடி போனவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உறையையும் வாங்கிக்கொண்டார். எது முக்கியம் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் வீட்டில் வலிப்பு உள்ள ஒருவர் இருந்தால், இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். புதிதாக வாங்க முடியாவிட்டால் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கம் போதும். தேதி போடுங்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது கதவைச் சாத்தாதீர்கள். பக்கத்தில் நிற்கும் ஒன்பது வயதுப் பையனையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்